டிராமில் கேட்ட கிளி வழக்கு

"கிளியைத் திறந்துவிட்டால், பிறகு வீட்டிலை தமிழ் கதைக்க ஆர் இருக்கினம்?"

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, மெல்பேர்ன் டிராமில் என் முன் இருக்கையிலிருந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் தன் மகளிடம் இப்படிக் கேட்டார். அவளுக்கு ஏழு வயதிருக்கும். கூண்டுக் கரடி ஒன்று காட்டுக்குத் திரும்பும் படப் புத்தகத்தை அவர் அவளுக்குக் கண் கலங்க வாசித்து முடித்திருந்தார். உடனே அவள், "நம் கிளியையும் விடலாமே" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள்.

"கரடிக்கு அழுதீங்கள். கிளி பாவமில்லையோ?" என்றாள் பக்கத்திலிருந்த தாய்.

"அது வேறை. ஆக்கள் வந்தால் இவள் 'ஹலோ' எண்டுறாள். கிளியெல்லோ 'வாங்கோ, இருங்கோ' எண்டு கூப்பிடுது!"

"கிளிக்குப் பக்கத்திலை மணிக்கணக்கா இருந்து பழக்கினனீங்கள். பிள்ளைக்கு எப்ப சொல்லிக் குடுத்தனீங்கள்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கிளியை விடுங்கோ. நான்... நான் தமிழ் கதைக்கிறன்."

தட்டுத் தடுமாறினாலும் நல்ல தமிழ்தான். தகப்பன் அவள் தலையைத் தடவி, "ஓகே டார்லிங், வீ வில் சீ" என்றார்.