மூடி வராத டேங்க்

தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். இளையவர்தான் ஆரம்பித்தார்.

"அப்பாவோட பழைய காடிக்கு நேத்து பெட்ரோல் டேங்க்கைத் திரும்ப மாட்டிட்டேன் அண்ணே. பத்து லிட்டர் ஊத்தியாச்சு."

"மூடி கிடைச்சுச்சா?"

"இன்னும் வரலைலா. துணி அடைச்சிருக்கேன்."

"காடி எங்க நிக்குது?"

"வீட்டு முன்னாலதான். சாமி மேடை பக்கத்துல."

மூத்தவர் அவரையே பார்த்தார்.

"டேய், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. இளையவர் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவியின் குரல் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பதாங்க காடியைச் சுத்திச் சாம்பிராணி காட்டுனேன். ஒரே பெட்ரோல் வாடை. வாடை போகட்டும்னு நெருப்புச் சட்டியைக் காடிக்கு அடியிலேயே வச்சிட்டேன்."