அங்கமுத்து கண்ணடித்த வழக்கு

— அறைஞ்சது யாருன்னு கேட்டா ரெண்டு பேரும் சொவத்தப் பாத்தா எப்படி? அவரு கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கே.

— நான்தான் டாக்டரம்மா. செவ்வந்தி. பழவேற்காடு மீன் ஏலத்துல வந்து எம்பேரச் சொல்லிப்பாரு, நண்டுகூட வழிவுடும்.

— மொத்தம் எத்தினி அறைனு கேளு மேடம். மூணு. நைனா மேல சத்தியமா மூணு.

— நீங்கதான் அங்கமுத்துவா? எதுக்கு அடிச்சாங்க?

— அத்த அவளயே கேளு மேடம். எனக்கு நாக்கு கொழறுது.

— நான் சொல்றேன். ஏலம் நடந்துகினு கீது. எறா கூடையச் சுத்தி முப்பது பொம்பளைங்க நிக்கிறோம். இந்தாளு எதிர்ல நின்னுகினு, என்னப் பாத்து எடது கண்ணச் சாத்துறான். சாத்தித் தொறந்திருந்தா தூசினு வுட்டிருப்பேன். சாத்தினது சாத்தினபடி நிக்கிறான். அவ்ளோ நேரம் கண்ணடிக்கிற தெனாவட்டு யாருக்கு வரும்? வுட்டேன் ஒன்னு.

— நான் சாத்தல மேடம். அதுவா வுழுது. காலையில நல்லாத்தான் கீது. வெயில் ஏற ஏற கடை ஷட்டர் மாதிரி எறங்குது. பேச்சும் அப்படித்தான். தண்ணி போட்டுட்டேனு ஊரே சொல்லுது. நான் திருவிழாவுக்கே மோர்தான் குடிப்பேன்.

— மோரு கெடக்கட்டும். அப்பால நடந்ததக் கேளு டாக்டரம்மா. கன்னம் பணியாரம் கணக்கா வீங்கிச்சு. ஐயோ பாவமேனு பக்கத்துல நின்ன நம்ம ஜாக்குலின் மீன் பொட்டிலேர்ந்து ஐஸ அள்ளி, துணியில சுத்தி மூஞ்சில வெச்சா. கொஞ்ச நேரம் கழிச்சி எடுத்துப் பாத்தா, கண்ணு பளிச்சுனு தொறந்துகினு கீது!

— அப்புறம்?

— அப்புறம் இன்னா, செவ்வந்தி கை பட்டா கண்ணு தொறக்கும்னு கெளப்பி வுட்டானுங்க. மறுநாளு என் வாசல்ல ஏழு பேரு. தங்கவேல்னு ஒரு பெருசு, கண்ணுல பொரை. கண்ணாடியக் கழட்டி மடியில வெச்சிகினு, "அடி தாயே"னு கன்னத்தக் காட்டுது.

— அடிச்சீங்களா?

— ஒரு தட்டு தட்டினேன். வேண்டிக்கினு வந்துட்டாரே, இன்னா பண்றது.

— என் கதைக்கு வாம்மே. கண்ணு திரும்பவும் வுழுந்திச்சு மேடம். நானும் போயி, இன்னொன்னு குடுன்னு நின்னேன். குடுத்தா. தொறக்கல.

— அங்கதான் எனக்கு டவுட்டு வந்திச்சு. கை அதே கை, கன்னம் அதே கன்னம். மொத நாளு இருந்தது ரெண்டாம் நாளு இன்னா இல்ல? ஐஸு! இன்னிக்கு வெயில் ஏறி கண்ணு எறங்கினதும் இவன உக்கார வெச்சி, அடிக்காம வெறும் ஐஸ வெச்சேன். தொறந்துகிச்சு. மறுபடி எறங்கினதும், ஐஸு இல்லாம ஒன்னு வுட்டேன். தொறக்கல.

— அது தொறக்காதுன்னுதான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே?

— ஒருவாட்டி பாத்தா ஆச்சா? தராசையே ரெண்டுவாட்டி பாக்குறவ நான்.

— அக்கா, நீங்க செஞ்சது எங்க புஸ்தகத்துலயே இருக்கு. ஐஸ் டெஸ்ட்டுன்னு பேரு. அறை மட்டும்தான் அதுல இல்ல.

— சேக்கச் சொல்லு.

— அங்கமுத்து, என் விரலப் பாருங்க. மேலயே பாத்துட்டு இருங்க, கண்ண எடுக்காதீங்க... பாத்தீங்களா, ஒரு நிமிஷம் தாங்கல, இமை எறங்குது.

— இது இன்னா நோவு மேடம்? நேரா சொல்லிடு.

— பாருங்க, நரம்பு சொன்னாத்தான் சதை அசையும். ஆனா நரம்பு சதையத் தொடறதில்ல, நடுவுல துளியூண்டு இடைவெளி. நரம்பு நுனி ஒரு ரசாயனத்தக் கக்கும். அது நீந்திப் போய் சதை மேல இருக்கற ஒரு கதவத் தட்டும். கதவுன்னா, அஞ்சு துண்டு புரதம். அஞ்சு பேரு தோளோட தோள் ஒட்டி வட்டமா நிக்கற மாதிரி. நடுவுல ஒரு ஓட்டை.

— பஞ்சாயத்து.

— என்னது, அக்கா?

— அஞ்சு பேரு, நடுவுல ஓட்டை. எங்கூரு பஞ்சாயத்துதான். மேல சொல்லு.

— சரி, பஞ்சாயத்துன்னே வெச்சுக்குவோம். அதுல ரெண்டு பேரு ஒரே அச்சு, ரெட்டைப் பிறவி மாதிரி. அந்த ரெண்டு பேர் விலாவோரமும் ஆளுக்கொரு குழி இருக்கு. நரம்பு அனுப்பின சரக்கு ரெண்டு குழியிலயும் வந்து உக்காரணும். ஒன்னுல மட்டும் உக்காந்தா கதவு சரியா தொறக்காது.

— ரெண்டு பேரையும் தனித்தனியா கவனிக்கணும். பஞ்சாயத்தேதான்!

— உக்காந்ததும் அஞ்சு பேரும் லேசா உடம்ப முறுக்குவாங்க. ஓட்டை விரியும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் இல்ல, அதைவிட நூறு மடங்கு சீக்கிரம். அதுக்குள்ள வெளிய நிக்கற உப்பு உள்ள பாயும். அது பாஞ்சாத்தான் சதை இழுக்கும். இமை தூக்கும், நாக்கு பொரளும்.

— முகத்துவாரம்! கேட்டியா அங்கமுத்து? கடல் உப்பு ஏரிக்குள்ள பாஞ்சாத்தான் நமக்கு எறா. முகத்துவாரம் தூந்து போச்சுன்னா ஏரி செத்துக் கெடக்கும். உன் கண்ணுல மண்ணு அடைச்சிகினு கீது.

— மண்ணு இல்லக்கா. அவரு ரத்தத்துல காவலுக்குனு இருக்கற ஆளுங்களே அந்தக் கதவ எதிரின்னு நெனச்சிட்டாங்க. மேல ஏறி உக்காந்து, பேத்து எடுத்துட்டு இருக்காங்க. பாதிக்கு மேல காலி. மிச்சம் இருக்கறது காலையில சமாளிக்குது, பொழுது ஏற ஏற போதல.

— என் ஒடம்பே எனக்கு ஆப்பு வெக்கிதா?

— ஆமா. அந்தச் சரக்கத் தின்னு தீக்கற ஒன்னும் அங்கயே இருக்கு. ஐஸ் வெச்சா அது மந்தமாயிடும். சரக்கு இன்னும் கொஞ்ச நேரம் நின்னு கதவத் தட்டும். அதான் கண்ணு தொறந்துச்சு.

— கண்ணுக்கே தெரியாத சைசுல கீதே மேடம், இத்தையெல்லாம் யாரு போயி பாத்தது?

— கரண்டு திருக்கை தெரியுமில்ல? அது ஷாக் அடிக்கற எடம் முழுக்க இந்தக் கதவுதான், கோடிக்கணக்குல. அந்த வகை மீன்லேர்ந்து பிரிச்சு எடுத்துத்தான் கதவு எப்படி இருக்குன்னே கண்டுபிடிச்சாங்க.

— அய்ய! வலையில ஏறிச்சினா கெட்ட வார்த்த சொல்லிக் கடாசுவோமே. ஒருவாட்டி கை மரத்துப்போயி, அதோட ஆயா வரைக்கும் இழுத்தேன் மேடம்.

— திரும்பப் பாத்தா கும்புடு போடு.

— இன்னும் ஒன்னே ஒன்னு, அங்கமுத்து. மூச்ச நல்லா இழுத்து, ஒரே மூச்சுல எண்ணுங்க. எவ்ளோ முடியுதோ அவ்ளோ.

— ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது... பத்து... பதி...

— இன்னொரு தடவ.

— ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஆறு... ஏழு...

— தண்ணி குடிச்சா மூக்குல வருதா?

— ரெண்டு நாளா வருது. கஞ்சியும் எறங்கல. ராவுல படுத்தா மூச்சு முட்டுது.

— இத்த ஏன்யா நீ சொல்லவே இல்ல?

— நீ எங்க... பேச வுட்ட?

— சிஸ்டர், ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. ஆக்சிஜனோட வரணும். அங்கமுத்து, நிமிந்து சாஞ்சு உக்காருங்க. இனிமே பேசாதீங்க.

— இன்னா டாக்டரம்மா, இப்பத்தான சிரிச்சிகினு இருந்தோம்.

— மூச்சு இழுக்கற சதையிலயும் அதே கதவுதான்க்கா. அதுவும் சோர்ந்துட்டு வருது. மெட்ராஸ்ல மூச்சு குடுக்கற மெஷின் இருக்கு, ரத்தத்துலேர்ந்து அந்தக் காவலாளுங்கள வடிகட்டற வசதியும் இருக்கு. நேரத்துக்குப் போயிட்டா பொழைச்சு, திரும்ப படகும் ஏறுவாரு. போகலைன்னா...

— மீதிய சொல்லாத. போவான்.

— செவ்வந்தி... ஏரியில கட்டின வல...

— உன்ன பேசாதன்னாங்க. உன்கூட வல கட்டற ரமேஷ எடுக்கச் சொல்றேன். நீ மூச்ச மட்டும் இழு, போதும்.

— வண்டி வந்துடுச்சு. சிஸ்டர், மெதுவா ஏத்துங்க. அக்கா, நீங்க இப்படி வாங்க, சீட்டு எழுதணும். அவரு வீட்ல யாரு இருக்காங்க?

— யாருமில்ல. பொண்டாட்டி செத்து ஆறு வருசம். ஒரு தங்கச்சி, ஆரம்பாக்கத்துல கட்டிக் குடுத்திருக்குது.

— அங்க மெஷின் வெக்கணும்னா கையெழுத்து கேப்பாங்க. நீங்க கூடப் போறீங்களா? வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேணாமா?

— அவரு கடலோட போயி பதினோரு வருசம் ஆவுது. எங்கனு சொல்றது.

— மன்னிச்சுக்கோங்க... ஏன் உங்க கையையே பாத்துட்டு இருக்கீங்க?

— மூச்சு முட்டிகினு வந்து நின்னவன மூணுவாட்டி அறைஞ்சிருக்குது இந்தக் கை. அதால எதுனா ஆயிடிச்சா டாக்டரம்மா? மறைக்காம சொல்லு.

— இல்லவே இல்ல. நீங்க மட்டும் அந்த ஐஸ யோசிக்கலைன்னா, குடிகாரன்னே விட்டிருப்பாங்க. நாளைக்கு ராத்திரி தாண்டியிருக்க மாட்டாரு. சரி, நேரமில்ல. சீட்டுல, நோயாளிக்கு நீங்க என்ன உறவுன்னு கேட்டிருக்கு. தெரிஞ்சவங்கன்னு போடட்டுமா?

— போன தை மாசம் தங்கச்சிய அனுப்பிக் கேட்டான், நான் இன்னும் பதிலு சொல்லல. சம்சாரம்னு போடு டாக்டரம்மா, அவன்கிட்ட வண்டியில சொல்லிக்கிறேன்.