சென்ட்ரிங் பிரித்த எரிமண்டபம்

"ஹலோ... ஹலோ, சார், நாராயணம்மா பேசறேன். கெலமங்கலம் சுடுகாட்டு மண்டபத்துல இருந்து... ஆமாங்க, மேஸ்திரி நாராயணம்மாதான்... மணல் வந்துருச்சி சார், அதுக்கில்ல. நடு வளைவு விரிசல் கண்டு வாய் விட்டிருக்குது."

நூறு வருஷத்து எரிமண்டபம் அது. இடிந்து கிடந்த நடு வளைவைச் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துத் திரும்ப எழுப்பியவள் அவள்தான். இப்போது வாசலுக்கு வெளியே, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் நின்று ஓசூரில் இருக்கும் இன்ஜினியர் ஹரீஷ்குமாரிடம் பேசுகிறாள். மழை ஈரத்தில் போன் காதைவிட்டு நழுவி நழுவிப் போகிறது.

"உச்சிக்கல்லு பக்கத்துல சார்... காலைல மயிரிழை. இப்ப விரல் நுழையும்... மாவு மாதிரி கொட்டுது... ஆமா... ஆமா... சென்ட்ரிங்கா?"

வளைவைத் தாங்க அடியில் கொடுத்திருந்த முட்டுப் பலகைகள் வாசலோரம் அடுக்கிக் கிடந்தன.

"பிரிச்சாச்சு சார்... காலைல. நான்தான் பிரிக்கச் சொன்னேன்... இருபத்தெட்டு நாள் ஆயிருச்சேன்னு... கம்பெனி குவார்ட்டர்ஸ் ஸ்லாபுக்கு அப்படித்தானே பிரிச்சோம்... ஆமா, அது சிமெண்ட்டு... ஆமா சார், காரை காய மூணு மாசம் ஆகும்னு சொன்னீங்க. சொன்னீங்க... சாவு விழுந்துருச்சி சார். வெளிய எரிக்க முடியாத மழை. முட்டுக்கு நடுவால பாடை நுழையாதுன்னு அழுதாங்க. மனசு கேக்கல."

மேளம் உள்ளே ஓங்கி முழங்கியது.

"உள்ளயா... நாப்பது பேருக்கு மேல இருக்கும். மழைக்கு எல்லாம் உள்ளயே ஒண்டிட்டாங்க... மேளம் சார், அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு அடிக்கும் கொட்டுது... சரி. சரி சார். மொதல்ல மேளம். யாரையும் ஓட விடக்கூடாது. தூணுல இடிக்கக்கூடாது... லைன்லயே இருங்க, வெச்சிராதீங்க."

வாசற்படியில் ஏறி நின்றாள்.

"முனிவேலு... ஏ முனிவேலு, அடிய நிறுத்து... நான் ஒண்ணும் ஆடறதுக்கு வரல, நிறுத்துடா சாமி."

மேளம் நின்றது. அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொன்னால் ஓடுவார்கள். ஓடினால் தூணில் மோதுவார்கள். அவளே நினைத்திராத ஒன்று வாயில் வந்தது.

"மழைன்னு அரிச்சந்திரன் கல்லுல இறக்காம தூக்கிட்டு வந்துட்டீங்களே பெரியவங்களா. சுடுகாட்டுக் காவக்காரன் அவனக் கேக்காம எரிச்சா எப்படி... வெளிய எடுத்துட்டுப் போயி, கல்லுல வெச்சு, தலமாடு கால்மாடு மாத்திட்டு வாங்க. மெதுவா... எல்லாருந்தான். அந்தம்மாவ அனுப்ப வந்தவங்க அத்தனை பேரும் போகணும்."

பெரியவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். மழை அவசரத்தில் நிஜமாகவே மறந்திருந்தார்கள். பாடை எழும்பியது.

"போறாங்க சார்... பாதிப் பேரு வந்துட்டாங்க... யாரும் ஓடல... பாடையும் வந்துருச்சி... ம்... ம்... இல்ல சார், இன்னும் ரெண்டு பேரு. கொள்ளி வெக்கற மகன், கௌதம். மொட்டை அடிச்சிட்டிருக்காங்க, பாதித் தலைதான் ஆயிருக்குது... சவரம் பண்றவரு முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேங்கறாரு... வளைவுக்கு நேர் கீழ சார். நேர் கீழ."

மறுமுனையில் குரல் உயர்ந்தது போலும். போனைச் சற்று விலக்கிப் பிடித்தாள்.

"நான் போறேன் சார்... போகக்கூடாதுன்னா வேற யாரு போறது... பிரிச்சவ நான்தானே."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி பாதம் பதியாமல் நடந்தாள். கௌதமின் மழித்த பாதித் தலையில் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவன் அதைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நாயனா, எழுந்திரு... மீதிய அங்க பண்ணிக்கலாம்... அரைத் தலையப் பாத்து அம்மா ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாங்க... அண்ணா, கத்திய மடிங்க. சொல்றத கேளுங்க... கையப் புடி நாயனா. மேல பாக்காத. என்னப் பாரு."

படி இறங்கும்போது பின்னால் ஒரு செங்கல் விழுந்து உடைந்தது. மூவரும் திரும்பவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"வந்துட்டோம் சார்... மூணு பேரும்... ஒரு கல்லு விழுந்துச்சி. வளைவு நிக்குது... உள்ள ஈ காக்கா இல்ல... சார், இருங்க. இருங்க."

கல்லில் காரியம் முடிந்துவிட்டது. தலைமாடு மாற்றிய பாடை மறுபடி தோளேறி, கூட்டம் மண்டபத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"திரும்பி வர்றாங்க சார்... இன்னொரு பொய்யா... வேண்டாங்க. நான்தான் பிரிச்சேன்னு சொல்லிடறேன்... தெரியும் சார். பொணத்த மழைல நிக்க வெச்சவன்னு ஊரே பேசும்... அடிச்சா அடிக்கட்டும்... பயமாத்தான் சார் இருக்குது. ரொம்ப பயமா இருக்குது... வெக்கறேன்."

போனை அணைத்துவிட்டு, பாடை வரும் வழியின் குறுக்கே போய் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள். பாடை நெருங்கியும் நகரவில்லை.