தேசிக்காயை மிதிக்காத குதிரை

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் ஒரேயொரு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய்.

"இது குதிரைக்கு, அண்ணை," என்றார். பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்பவராம்.

"ஏன், குதிரைக்கும் தேசிக்காய்த் தண்ணியோ?" என்று மற்றவர் சிரித்தார்.

"பகிடி விடாதேங்கோ. புதுக் காருக்கு வைக்கிற மாதிரி, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முதலும் ஒருத்தருக்கும் தெரியாமல் அதின்ரை காலுக்குக் கீழை வைப்பன். நசிச்சுப்போட்டுப் போகும். தடை தாண்டுற ஓட்டத்திலை இத்தனை வருசமா அதுதான் சம்பியன். நாளைக்குக் கடைசி ஓட்டம். இண்டைக்கு வைச்சன், மிதிக்கேல்லை."

"பிறகு?"

"பெரிய தடையொண்டு நிக்கிற மாதிரிப் பாய்ஞ்சு தாண்டிச்சுது. தாண்டிப்போட்டு, ஆரோ விழுந்து கிடக்கிற மாதிரி நிலத்தைத் திரும்பிப் பாத்துக்கொண்டு நிண்டுது."

மற்றவர் சிரிப்பை நிறுத்தினார். "அதுக்குக் காலிலை நோவெண்டு சொல்லி ஓட்டத்தை நிப்பாட்டு."

"பொய்யெண்டு கண்டால் என்ரை வேலை போயிடும். இன்னொருக்கா வைச்சுப் பாக்கிறன். மிதிச்சால் ஓடட்டும்."

"மிதிக்காட்டி?"

அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் குதிரைப் பந்தயம் கட்டும் கடையொன்றின் தொலைக்காட்சியில் சம்பியனின் கடைசி ஓட்டத்தைக் காட்டினார்கள். முன்னால் ஓடிய குதிரை தடையில் இடறியது. அதை ஓட்டியவர் கீழே விழுந்தார், எழும்பவில்லை. சம்பியன் அவரைத் தாண்டிப் பாய்ந்தது. பிறகு ஓடாமல் திரும்பி நின்று நிலத்தைப் பார்த்தது.