சருகுமானின் முகவரி

"மான் கிடைச்சிடுச்சு அக்கா, காடுதான் தொலைஞ்சு போச்சு."

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒருநாள், மல்காஜ்கிரியிலிருந்து செகந்திராபாத் சென்ற பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த இளைஞர் இதைச் சொன்னார். அருகில் இருந்தவர் அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்மணி.

"டி.என்.ஏ. சருகுமானோடதுதான், நானே ரெண்டு தடவை பார்த்தேன். புழுக்கையை நீ எங்கே எடுத்தேன்னு டப்பாவுல எழுதலையா?"

"பேனாவால எழுதினேன். புழுக்கை ஊறியிருந்த ஸ்பிரிட் கசிஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சிடுச்சு."

"ஸ்பிரிட் டப்பாவுக்குப் பேனாவா? எத்தனை காட்டுல எடுத்தே?"

"மூணு. ஒண்ணுல குவாரி வரப்போகுது. அங்கே மான் இருக்குன்னு வரைபடத்துல புள்ளி வெச்சா நிறுத்திடலாம்."

"அப்போ அங்கேயே வெச்சிடு. மான் வந்து இல்லேன்னா சொல்லப்போகுது?"



"வேணாங்க்கா. ஒரு புள்ளி பொய்னு தெரிஞ்சா, மத்த புள்ளியையும் நம்ப மாட்டாங்க."

"ஹவ், ஆமா, அதுவும் சரிதான். என்ன பண்ணப்போறே?"

"இன்னிக்கே ரயிலேறி மூணு காட்டுக்கும் மறுபடி போறேன். முதல்ல குவாரிக் காடு."

ரயில் நிலையம் வந்தது. பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார்.

"இதுல எழுது, ஸ்பிரிட் பட்டாலும் அழியாது. அந்தப் பேனாவை இங்கே கொடு."

இளைஞர் சட்டைப் பையிலிருந்த பேனாவை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.