படுவான்கரைக்குப் போன பவுசர்

தண்ணீர் லொறி, பவுசர் ஓட்டுபவனுக்கு முதலில் கெட்டுப்போவது முதுகுதான், ஐயா. மூன்று வருடமாக என்னால் நிமிர்ந்து உட்கார முடிவதில்லை. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். அது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படுவான்கரையில் அந்தக் குடியிருப்புக்கு ஆடி, ஆவணியில் நான் கொண்டுபோவதுதான் தண்ணீர். வாவியோரப் பொதுக் கிணறு அப்போது உவர்த்துவிடும்; வாய் கொப்பளிக்க, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குழாய்த் தண்ணீர் நிரப்பும் இடம் இருபத்திரண்டு கிலோமீற்றர். பாதி கிரவல் பாதை, மீதி குழி. வழியில் வயல் வட்டை ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மாடு குளிப்பாட்டுவார்கள், வயலுக்கு மருந்தடித்துவிட்டுக் கை கழுவுவார்கள். ஆனாலும் பார்வைக்குத் தெளிந்த தண்ணீர். ஒருநாள் முதுகு தாங்காமல், மோட்டரைப் போட்டு அங்கேயே நிரப்பினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மூன்றாம் கிழமை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று மட்டும் குழாய்த் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் எடுத்த மாதிரியில் பிழையொன்றும் வரவில்லை.

"பவுசர் தண்ணி நல்லது எண்டா, வருத்தம் எங்கயிருந்து வருது?" என்று என்னிடம் கேட்டார்.

கிணற்றுப் பக்கம் கைகாட்டினேன். பிரஷாந்தி என்ற பெண் அந்த வருடம்தான் மலசலகூடம் கட்டியிருந்தாள். குழிக்கும் பொதுக் கிணற்றுக்கும் பதினைந்து அடிகூட இல்லை. பொய் சொல்லவில்லை நான். கிணறும் கெட்டுத்தான் இருந்தது.

சனம் அவள் குழியை மண் போட்டு மூடியது. அவளோடு பேசுவதையும் விட்டது. விடியுமுன் பற்றைக் காட்டுக்குப் போய்வரத் தொடங்கினாள்.

ஒருநாள் குடத்தோடு வந்து கேட்டாள்: "அண்ணன், முந்தி கிணத்துத் தண்ணிய கொதிக்க வச்சுத்தான் புள்ளைக்குக் குடுத்தன். இதையும் கொதிக்க வைக்கணுமா?"

"குழாய்த் தண்ணிதான் தங்கச்சி. அப்படியே குடுங்க."

கொதிக்க வை என்றால் ஏன் என்று கேட்பாள்.

அவள் மகன் நிலோஜனுக்குப் பதினொரு மாதம். அவனுக்கும் வயிற்றோட்டம் கண்ட நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வாகனம் கிடைக்காமல் என் பவுசரில்தான் ஏற்றினேன். வாய்க்காலைத் தாண்டும்போது பிள்ளை அவள் மடியில் கண் திறந்துதான் இருந்தது. போய்ச் சேரும்போது இல்லை.

அதற்குப் பிறகும் மழை வரும்வரை அங்கேதான் நிரப்பினேன். பவுசர் திடீரென்று இரண்டு மணித்தியாலம் பிந்தினால் சனம் யோசிக்கும்.

செத்த வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

"என்ட கக்கூஸாலதானே அண்ணன், என்ட புள்ள போனது?"

"தெரியாமத்தானே கட்டினீங்க, தங்கச்சி," என்றேன். "மனச விடாதீங்க."

அந்த ஊரில் அவளைக் குற்றம் சொல்லாத ஒரே ஆள் நான்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.