கண் தெரியாத டிரைவர்

பர்மாவில், தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுன்னேன். பட்டாளத்தானுங்க சிரிச்சானுங்க," என்றாள் மூத்தவள்.

"எதுக்குக்கா அப்படிச் சொன்னீங்க?"

"பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சப்ப ஸ்ட்ரைக் பண்ணாருன்னு ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்து எங்க சாமானைத் தூக்கி ரோட்டுல எறிஞ்சவனுங்கதானே? இப்ப வடக்க ரயில் பாதைக்குச் சண்டை. அரிசியும் குண்டும் கொண்டுபோக டிரைவர் கிடைக்கலை. 'கோ செல்வம், வாங்க'ன்னு அண்ணன் முறை போட்டுக் கெஞ்சுறானுங்க."

"கண்ணு தெரியாதுன்னதுக்கு?"

"தண்டவாளத்துல போறதுக்குக் கண்ணு எதுக்குன்னான் ஒரு அறிவாளி."

"அண்ணன் மாட்டேன்னு சொல்லலையா?"

"சொன்னாரு. எங்க பையனைப் பிடிச்சு முதல் பெட்டியில உக்கார வச்சானுங்க. அவரு இன்ஜின்ல ஏறிட்டாரு."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன் வந்துச்சாக்கா?"

"அங்க போன் லைனை வெட்டினதே அவனுங்கதானே. எப்படி வரும்?"